செல்லரித்த இடத்தில் என்ன எழுதியிருந்தது?

தாமிரபரணிப் பாசனத்தில் ஒரு கிராமம். ஊர்ப்பெயர் வேண்டாம், காரணம் போகப்போகத் தெரியும். அந்த ஊர் வாய்க்கால்களைப் பற்றி இரண்டு வருடமாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்த மடை எப்போது கட்டியது, யார் வயலுக்கு எந்த வழியாகத் தண்ணீர் போனது, இந்த மாதிரி. வார நாட்களில் சாப்ட்வேர், சனி ஞாயிறில் வாய்க்கால். வீட்டில் இதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்பதை இங்கே எழுத முடியாது.

அங்கே ஒரு குடும்பத்தில் பழைய பத்திரக் கட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். கொடுத்த ஆச்சிக்கு எண்பதுக்கு மேல் வயது. ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "படிச்சுப் பாத்துட்டுத் தாங்க தம்பி. நெட்டுல கிட்டுல போட்டுராதிய. கோர்ட்டுல கேஸு கெடக்கு."

பத்திரங்களைப் போட்டோ எடுத்து, கையால் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டேன். 1930களின் பாகப்பிரிவினைப் பத்திரம் படித்தவர்களுக்குத் தெரியும், மூச்சுவிட இடம் இருக்காது. ஒரு வாக்கியம் இரண்டு பக்கம் ஓடும். மேற்படி என்பதற்கு ௸ என்று ஒரு சுழி. வருஷத்துக்கு ௵ என்று இன்னொரு சுழி. நடுநடுவே செல்லரித்த ஓட்டைகள். ஓட்டை வந்த இடத்தில் நான் புள்ளி வைத்துவிட்டேன். இதை எல்லாம் சுருக்கி, எந்த நிலம் யாருக்கு, எந்த வாய்க்கால் எல்லை என்று பட்டியல் போட்டுத் தர ஏ.ஐ.யைக் கேட்டால் ஒரு நிமிட வேலை. ஆனால் ஆச்சி சொன்னதை நான் எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டேன். பிரவுசரில் ஒட்டினால் அது என்னுடைய மெஷினை விட்டு வெளியே போய்விடும். யாருடைய சர்வரிலோ உட்காரும். அதுவும் "நெட்டுல போடறது"தான்.

ஆகவே லேப்டாப்பிலேயே ஓடும் சின்ன மாடல் ஒன்றை இறக்கினேன். நான்கு பில்லியன் எண்கள் கொண்டது, நான்கு பிட்டாகச் சுருக்கியது. என்னுடையது 16 ஜிபி ராம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. வைஃபையை அணைத்துவிட்டு, மூன்று பத்திரங்களைச் சேர்த்து ஒட்டி, "இதில் உள்ள நிலங்களையும் நான்கெல்லைகளையும் பட்டியலிடு" என்று கேட்டேன். ஃபேன் விமானம் மாதிரி இரைந்தது. பட்டியல் வந்தது. "ஈஸ்வர ௵" என்று வந்த இடத்தில், அதாவது 1937-38ஆம் ஆண்டு, ஈஸ்வரன் என்று ஒரு பங்காளியைப் புதிதாகச் சேர்த்திருந்தது. சிரித்தேன். மற்றபடி பரவாயில்லை என்று தோன்றியது. பிரிண்ட் எடுத்து, "சரிபார்க்காதது" என்று மேலே எழுதி, ஆச்சியின் பேரனிடம் ஒரு பிரதி கொடுத்தேன்.

மறுநாள் காலையிலேயே போன். "அண்ணே, கம்ப்யூட்டரே தெளிவாச் சொல்லுதே. பெரிய வாய்க்கால்தான் தெக்கெல்லைன்னு. வக்கீல்ட்ட குடுத்துரட்டா?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. பத்திரத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் இரண்டு எழுத்தைப் பூச்சி தின்றிருந்தது. மிச்சம் இருந்தது "……ய வாய்க்காலுக்கும் வடக்கு" என்பதுதான். அந்த நிலம் தெற்கே பெரிய வாய்க்கால் வரை போகிறதா, அதற்கு முன்னாலேயே சின்ன வாய்க்காலில் நின்றுவிடுகிறதா என்பதுதான் வழக்கு. நடுவில் இருக்கும் துண்டுக்காகத்தான் இரண்டு குடும்பமும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கிறார்கள். நான் புள்ளி வைத்த இடத்தில் மெஷின் "பெரி" என்று எழுதி, சத்தம் போடாமல் ஒட்டுப்போட்டுவிட்டது. கேட்ட குடும்பத்துக்குச் சாதகமாக வேறு.

பேரனிடம் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். (இதை இங்கே எழுத ஆச்சியிடமும் அவரிடமும் கேட்டுக்கொண்டேன். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அதற்கப்புறம் ஒரு மாதம் வாய்க்காலை விட்டுவிட்டு, இந்த மெஷின் ஏன் ஓட்டையை ஓட்டையாக விடாது என்று தேடிக்கொண்டிருந்தேன். அந்தத் தேடலின் குறிப்புதான் இது. கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

1913 ஜனவரி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க். ஆந்த்ரேய் மார்க்கவ் என்ற கணித மேதை ரஷ்ய அறிவியல் அகாதமியில் ஒரு விநோதமான கணக்கை வாசிக்கிறார். புஷ்கினின் 'எவ்கேனி அனேகின்' என்ற செய்யுள் நாவலில் முதல் 20,000 எழுத்துகளை எடுத்து, ஒவ்வொன்றும் உயிரா மெய்யா என்று எண்ணியிருந்தார். கையால்தான். நூறு நூறு எழுத்தாகப் பிரித்து, பத்துக்குப் பத்து கட்டம் போட்டு, மொத்தம் 200 கட்டங்கள். உயிரெழுத்து 8,638. மீதி 11,362 மெய். அதோடு நிற்கவில்லை. ஓர் உயிருக்குப் பின்னால் இன்னோர் உயிர் வந்த இடங்கள் எத்தனை என்றும் எண்ணினார். 1,104. அதாவது, இப்போது வந்தது உயிர் என்றால் அடுத்ததும் உயிராக இருக்க சுமார் 13 சதவீத வாய்ப்பு. இப்போது வந்தது மெய் என்றால் அடுத்தது உயிராக இருக்க 66 சதவீதம்.

எதற்காக இந்த வெட்டி வேலை? பாவெல் நெக்ரசோவ் என்ற இன்னொரு கணிதக்காரரோடு அவருக்கு ஒரு சண்டை. நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று சாராமல் இருந்தால்தான் சராசரி ஒரு நிலைக்கு வந்து நிற்கும் என்பது நெக்ரசோவ் கட்சி. அதிலிருந்து மனிதனுடைய சுதந்திர விருப்பம் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனவர் அவர். சார்ந்திருந்தாலும் சராசரி நிற்கும் என்று மார்க்கவ் ஏற்கெனவே நிறுவியிருந்தார். அதற்கு ரத்தமும் சதையுமான உதாரணமாகத்தான் புஷ்கின் வந்தார். கவிதையைப் பற்றி மார்க்கவுக்கு அக்கறை ஒன்றும் இருந்த மாதிரித் தெரியவில்லை. ஆனால் "முன்னால் வந்ததைப் பார்த்து அடுத்தது என்ன என்று சொல்" என்கிற கணக்கு அன்றைக்கு ஒரு மேசையில், ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு ஆரம்பித்தது.

இங்கே ஒரு சின்ன இடைச்செருகல். எந்த எழுத்துக்குப் பின்னால் எந்த எழுத்து வரும் என்பது தமிழ் இலக்கணத்துக்குப் பழைய விஷயம். தொல்காப்பியத்தில் மெய்ம்மயக்கம் என்று அதற்குத் தனி இடமே உண்டு. க், ச், த், ப் நான்கும் தன்னோடு மட்டுமே சேரும். ர், ழ் இரண்டும் தன்னோடு சேராது. "பக்கம்" உண்டு, "பழ்ழம்" கிடையாது. இதைப் படித்துவிட்டு ஏ.ஐ.யைத் தொல்காப்பியர் கண்டுபிடித்தார் என்று யாரும் வாட்சப்பில் அனுப்ப வேண்டாம். மெய்ம்மயக்கம் எது வரலாம், எது வரக்கூடாது என்று சொல்கிறது. மார்க்கவ் எது எத்தனை முறை வந்தது என்று சொல்கிறார். முதலாவது விதி, இரண்டாவது எண்ணிக்கை. என் லேப்டாப்பில் இருப்பது இரண்டாவதன் வாரிசு. "பெரிய வாய்க்கால்" இலக்கணப்படி சரி என்பதற்காக அது வரவில்லை. அடிக்கடி வரும் என்பதற்காக வந்தது.

அடுத்த காட்சி அமெரிக்கா, பெல் லேப்ஸ். 1948இல் கிளாட் ஷானன் தகவல் கோட்பாட்டுக் கட்டுரையை வெளியிடுகிறார். அதில் ஆங்கிலம் மாதிரியே இருக்கிற, ஆனால் யாரும் எழுதாத வரிகளை உண்டாக்கிக் காட்டுகிறார். கம்ப்யூட்டர் இல்லை. அலமாரியிலிருந்து ஏதோ ஒரு புத்தகத்தை எடுத்து, கண்ணில் பட்ட ஓர் எழுத்தைக் குறித்துக்கொள். வேறு பக்கத்தைத் திற, அந்த எழுத்து வரும்வரை படி, அதற்கு அடுத்த எழுத்தை எழுது. திரும்ப வேறு பக்கம். எழுத்துக்குப் பதில் சொல்லை வைத்தும் செய்தார். கிட்டத்தட்ட வாக்கியம் மாதிரியே வந்துவிட்டது. இதற்கு மேல் போக ஆசைதான், ஆனால் அடுத்த கட்டத்துக்கு உழைப்பு பிரம்மாண்டமாகிவிடும் என்கிற பொருளில் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறார். அந்தப் பிரம்மாண்ட உழைப்பைத்தான் இன்றைக்கு டேட்டா சென்டர்கள் செய்கின்றன.

எனக்கு முக்கியமாகப் பட்டது அவருடைய 1951ஆம் ஆண்டுக் கட்டுரை. அதில் ஓர் ஊகிக்கும் விளையாட்டு. ஒருவர் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டிருப்பார். எதிரில் இருப்பவர் எழுத்து எழுத்தாக ஊகிக்க வேண்டும். அவருடைய மனைவியையே உட்காரவைத்து இந்த விளையாட்டை ஆடியதாக வாழ்க்கை வரலாற்றில் வருகிறது. சரியாகச் சொன்னால் அடுத்த எழுத்துக்குப் போகலாம். தப்பாகச் சொன்னால் சரியான எழுத்து இது என்று சொல்லிவிட்டு மேலே போவார்கள். ஓர் உதாரணத்தில் இடைவெளியையும் சேர்த்து 129 எழுத்துகளில் 89 சரி. 69 சதவீதம். ஆங்கிலத்தில் எவ்வளவு பங்கு ஊகத்திலேயே வந்துவிடும், எவ்வளவு பங்கு நிஜமாகவே புதுச் செய்தி என்பதை அளக்க இது ஒரு வழி. நூறு எழுத்து முன்னால் தெரிந்திருந்தால், அடுத்த ஓர் எழுத்தில் இருக்கும் புதுச் செய்தி 0.6 பிட்டிலிருந்து 1.3 பிட்டுக்குள் என்று கணக்குப் போட்டார்.

இதில் ஷானன் ஒரு விஷயத்தைச் சொல்கிறார். அதைப் படித்தபோதுதான் எனக்குச் சுருக்கென்றது. ஊகத்தையும் திருத்தத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டால் முழுப் புத்தகத்தையும் திரும்ப எழுதிவிடலாம். ஊகிக்கிறவரைப் போலவே அச்சு அசலாக யோசிக்கும் ஓர் இரட்டைப் பிறவி இன்னோர் ஊரில் இருந்தால், அவருக்குத் திருத்தங்களை மட்டும் அனுப்பினால் போதும். சரியாக ஊகித்த 89 எழுத்தை அவரே போட்டுக்கொள்வார். மீதி 40ஐ நாம் அனுப்ப வேண்டும். ஆக இந்த விளையாட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். ஊகிக்கிறவர் ஒருவர், புத்தகத்தைக் கையில் வைத்திருக்கிறவர் ஒருவர்.

இதற்குப் பிறகு ஐம்பது வருட வரலாற்றை இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் சுவாரசியமாக இருக்கிறது. 1970களில் ஐபிஎம்மில் ஃப்ரெட் ஜெலினெக் குழு பேச்சை எழுத்தாக்கும் வேலையில் இறங்கியது. முந்தைய இரண்டு சொல்லைப் பார்த்து மூன்றாவதை ஊகிக்கும் மாடல். ஆனால் அது தனியாக எதையும் தீர்மானிக்கவில்லை. மைக்கில் வந்த ஒலி ஒருபக்கம், ஊகம் ஒருபக்கம், இரண்டையும் பெருக்கி எது பெரிதோ அதுதான் விடை. அதே குழு பின்னால் கனடா நாடாளுமன்றக் குறிப்புகளை வைத்து பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தபோதும் அப்படித்தான். மூல வாக்கியம் ஒருபக்கம், ஊகம் ஒருபக்கம். ஊகிக்கிறவர் பக்கத்தில் எப்போதும் இன்னொருவர் இருந்தார். ஒலியோ, மூலமோ, புத்தகமோ.

2003இல் யோஷுவா பென்ஜியோவும் கூட்டாளிகளும் சொற்களை எண்ணிவைப்பதற்குப் பதில் நரம்பு வலையை வைத்து ஊகிக்கச் செய்தார்கள். ஒரு கோடியே நாற்பது லட்சம் சொற்கள் கொண்ட செய்தித் தொகுப்பை ஐந்து முறை படிக்க 40 பிராசசர்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. ஒரே மேசையில் முடிகிற வேலை இல்லை என்பது அப்போதே தெரிந்துவிட்டது. 2017இல் கூகுள் ஆட்கள் எட்டுப் பேர் டிரான்ஸ்ஃபார்மர் கட்டுரையை எழுதினார்கள். அதுவும் மொழிபெயர்ப்புக்காகத்தான், மூல வாக்கியம் பக்கத்திலேயே இருந்தது. பிறகு ஜிபிடி வரிசை அதில் பாதியை வெட்டிவிட்டு, ஊகிக்கும் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு வளர்த்தது. 2019இல் 150 கோடி எண்கள். 2020இல் 17,500 கோடி. புத்தகம் வைத்திருந்தவர் எழுந்து போய்விட்டார். எதிரே இருந்தவர் மட்டும் பேசிக்கொண்டே இருக்கிறார், அபாரமாக.

அது எப்படி என் லேப்டாப்புக்கு வந்தது? 2023 பிப்ரவரி 24ஆம் தேதி மெட்டா 'லாமா' என்ற மாடலை அறிவித்தது. நான்கு அளவுகளில் பெரியது 6,500 கோடி எண்கள். 2,048 கிராபிக்ஸ் கார்டுகளில் சுமார் 21 நாள் ஓட்டிப் பயிற்சி கொடுத்தது. ஆராய்ச்சியாளர்கள் விண்ணப்பித்தால் பார்த்துத் தருவோம் என்றார்கள். பார்த்துத் தந்ததில் யாரோ டோரன்ட்டில் போட்டுவிட்டார்கள், ஒரு வாரம் போலத்தான் ஆகியிருந்தது. பல்கேரியாவின் சோஃபியாவில் இருந்த ஜார்ஜி கெர்கனோவ் என்ற புரோகிராமர் மார்ச் இரண்டாவது வாரத்தில் 'லாமா.சிபிபி' என்று ஒரு நிரலை வெளியிட்டார். ஒரே மாலையில் அடித்தது, ஒழுங்காக ஓடுமா தெரியாது என்கிற தொனியில் முகப்பில் எழுதியிருந்தார். ஓடியது. கிராபிக்ஸ் கார்டு இல்லாத மேக்புக்கில் ஓடியது. சில நாளில் யாரோ ராஸ்பெரி பை-யில் ஓட்டிக் காட்டினார்கள், ஒரு துண்டுச் சொல்லுக்குப் பத்து விநாடி வீதம்.

சூட்சுமம் எண்களைச் சுருக்கியதில் இருக்கிறது. லாமாவில் சிறியது சுமார் 670 கோடி எண்கள். எண்ணுக்கு 16 பிட் என்றால் 13 ஜிபிக்கு மேல். 32 எண்களை ஒரு கட்டாகக் கட்டி, கட்டுக்கு ஒரு பொது அளவுகோலை வைத்து, ஒவ்வோர் எண்ணையும் 4 பிட்டில் எழுதினால் சராசரி எண்ணுக்கு 4.5 பிட். மொத்தம் 3.8 ஜிபி. பதினாறு படிகள் மட்டுமே உள்ள தராசில் தங்கம் நிறுக்கிற மாதிரி இது. நகை மோசமாகிவிடும் என்று நினைப்போம். ஆகவில்லை, கொஞ்சம்தான் தேய்கிறது. இது ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்பது இன்னும் எனக்கு ஆச்சரியம்தான்.

வேகத்தைத் தீர்மானிப்பது பிராசசர் இல்லை, ராம். ஒவ்வொரு துண்டை ஊகிக்கவும் அந்த 3.8 ஜிபியையும் ஒருமுறை முழுக்க வாசித்தாக வேண்டும். 3200 வேகத்து டிடிஆர்4 இரட்டை வழியில் விநாடிக்கு 51.2 ஜிபி தரும், காகிதத்தில். வகுத்தால் விநாடிக்குப் பதிமூன்று துண்டு. அதுதான் உச்சவரம்பு, நிஜத்தில் அதற்கும் கீழே. லேப்டாப் வாங்கும்போது ராம் ஒரே ஸ்லாட்டில் இருக்கிறதா இரண்டிலா என்று நாம் யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் எனக்கு இன்றைக்கு வேகம் இரண்டு மடங்காக இருந்திருக்கும். போகட்டும்.

துண்டு, துண்டு என்கிறேனே, அது என்ன? இங்கேதான் தமிழ் அடிவாங்குகிறது. 1992 செப்டம்பரில் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில் கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் தட்டுக்கு அடியில் போடும் காகிதத்தில் யுடிஎஃப்-8 என்ற குறியேற்றத்தை வரைந்தார்கள். அபாரமான வடிவமைப்பு, இந்தக் கட்டுரையும் அதில்தான் உங்களுக்கு வந்து சேர்கிறது. அதில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். கிரேக்கம், ரஷ்யன், அரபி எல்லாம் இரண்டு பைட்டுக்குள் அடங்கிவிடும். அட்டவணையில் அதற்குப் பின்னால் வரிசையில் நிற்பவர்களுக்கு மூன்று. நாம் அங்கேதான் நிற்கிறோம், இந்தியோடும் சிங்களத்தோடும் சேர்ந்து. போதாததற்கு, 1991இல் வந்த யூனிகோடு நம் எழுத்துகளை இந்திய அரசின் இஸ்கி குறியேற்றத்தின் வழியில் பிரித்துப் போட்டது. 'தமிழ்' என்று எழுதினால் நமக்கு மூன்று எழுத்து. மெஷினுக்கு த, ம, இகரக் கொம்பு, ழ, புள்ளி என்று ஐந்து. தலா மூன்று பைட், ஆகப் பதினைந்து. அதையே ஆங்கிலத்தில் எழுதினால் ஐந்தே பைட்.

மாடல்கள் பைட் பைட்டாக வாசிப்பதில்லை. அடிக்கடி சேர்ந்து வரும் பைட்டுகளை ஒட்டி ஒரு துண்டாக்கிக்கொள்கின்றன. 1994இல் ஃபிலிப் கேஜ் ஃபைலைச் சுருக்க எழுதிய உத்தி அது. 2016இல் எடின்பரோவில் ரிக்கோ சென்ரிச் குழு அதை மொழிபெயர்ப்புக்கு எடுத்துக்கொண்டது. அடிக்கடி வருவது எது என்பதைப் பயிற்சிக்குக் கொடுத்த எழுத்துதான் முடிவு செய்யும். முதல் லாமாவுக்கு விக்கிப்பீடியாவில் இருந்து கொடுத்தது 20 மொழிகள். அத்தனையும் லத்தீன் அல்லது சிரிலிக் எழுத்து. தமிழ் இல்லை. ஒட்டுவதற்கு ஆளில்லாமல் நம் சொற்கள் பைட் பொடியாகவே நின்றன. துண்டு அதிகம் என்றால் அதே வாக்கியத்துக்கு நேரம் அதிகம், நினைவில் இடமும் அதிகம். 2023 நவம்பரில் அபிநந்த் பாலச்சந்திரன் 'தமிழ்-லாமா' என்று, லாமாவின் 32,000 துண்டுகளோடு 16,000 தமிழ்த் துண்டுகளைச் சேர்த்து, மேல்பயிற்சி கொடுத்து வெளியிட்டார். இது மாதிரி முயற்சிகளுக்குக் கொடுக்கத் தமிழ் எழுத்து கணினியில் இருப்பதே பலருடைய சம்பளமில்லாத உழைப்பால்தான். 1998 பொங்கலுக்கு ஆரம்பித்த மதுரைத் திட்டம் ஞாபகம் வருகிறது. நான் இறக்கிய மாடல் இதற்கெல்லாம் பின்னால் வந்தது, தமிழ் ஓரளவு தெரிந்தது. ஆனால் 1937இல் ஓர் ஆதார எழுத்தர் எழுதிய தமிழ்? அதை யார் இணையத்தில் ஏற்றியிருப்பார்கள்? ௸ என்ற குறியே யூனிகோடுக்கு 2003இல்தான் வந்தது. ஆதார எழுத்தர்களின் தமிழ் முழுக்க சார்பதிவாளர் அலுவலக அலமாரிகளிலும் ஆச்சிகளின் டிரங்குப் பெட்டிகளிலும் இருக்கிறது.

சரி, ஓட்டைக்கு வருவோம். லேப்டாப்பில் ஓட்டுவதில் ஒரு பெரிய வசதி, மாடலின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்கலாம். அது சொன்ன சொல்லை மட்டுமல்ல, சொல்ல நினைத்து விட்ட சொற்களையும் அவற்றின் நிகழ்தகவோடு கேட்டு வாங்க முடியும். ஓட்டை வரைக்கும் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு, அடுத்த துண்டு என்ன என்று பட்டியல் கேட்டேன். 'பெ' வெகு தூரம் முன்னால் நின்றது. 'சி', 'பு' எல்லாம் பின்னால் கூட்டத்தில். காரணம் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. நான் சேர்த்து ஒட்டிய மற்ற இரண்டு பத்திரங்களிலும் "பெரிய வாய்க்கால்" என்று தெளிவாக இருந்தது. அந்த இரண்டையும் எடுத்துவிட்டு மறுபடி கேட்டேன். 'பெ'யின் கை தளர்ந்தது, ஆனாலும் அதுதான் முதல்.

பிறகு ஒரு தாளை எடுத்து நானே யோசித்தேன். இரண்டெழுத்து போய் 'ய' மட்டும் நிற்கிறது. வாய்க்காலுக்கு முன்னால் வரக்கூடியது என்ன? பெரிய. சிறிய. புதிய. பழைய. நான்குக்கும் மூன்றெழுத்து, நான்கும் யகரத்தில் முடிகிறது, நான்கும் அந்த ஓட்டைக்குள் உட்காரும். நான்கும் சமவாய்ப்பு என்று வைத்தால் ஷானன் கணக்கில் இரண்டு பிட். அந்த இரண்டு பிட்டுக்காக ஒரு குடும்பம் பதினோரு வருடமாகக் கோர்ட்டுக்கு நடக்கிறது. அந்தச் செய்தி என் லேப்டாப்பில் இல்லை. எத்தனை பில்லியன் எண்ணாக இருந்தாலும் அதில் இருக்க முடியாது. அது பூச்சியின் வயிற்றுக்குப் போய்விட்டது. அல்லது வேறொரு காகிதத்தில் இருக்க வேண்டும்.

வேறொரு காகிதம் இருந்தது. பதிவு செய்த பத்திரம் என்பதால் சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தக் காலத்திலேயே கையால் நகலெடுத்த புத்தகம் இருக்கும். ஆவண எண்ணும் வருடமும் முதல் பக்கத்து முத்திரையில் தெரிந்தது. பேரன் மனுப் போட்டார். வர நாளானது. அதுவரை நான் சும்மா இருக்கவில்லை, மாடலை வைத்து வேறு விதமாக வேலை வாங்க ஆரம்பித்தேன். ஓட்டை வந்த இடத்தில் புள்ளிக்குப் பதிலாக "சிதைவு" என்று சொல்லாகவே எழுதினேன், எண் கொடுத்து. பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் மூலத்தில் அது வரும் வரியை அப்படியே எடுத்துப் போடச் சொன்னேன். போட்டது நிஜமாகவே மூலத்தில் இருக்கிறதா என்று பார்க்க முப்பது வரியில் ஒரு பைத்தான் நிரல். இல்லாத சொல்லுக்கெல்லாம் சிவப்பு. சந்தியும் வேற்றுமை உருபும் சேர்ந்து வருவதால் வீண் சிவப்பு நிறைய விழுந்தது, பரவாயில்லை. பங்காளி ஈஸ்வரன் முதல் ஓட்டத்திலேயே சிக்கினார். கையால் மூன்று வாரம் ஆகியிருக்கும் பட்டியல், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தது.

நகல் வந்த அன்று பேரன் வாட்சப்பில் அனுப்பவில்லை, நேரில் வரச் சொன்னார். போனேன். நீல முத்திரை போட்ட தாள். அந்த வரியில் "பழைய வாய்க்காலுக்கும் வடக்கு" என்று இருந்தது.

பேரனுக்குப் பழைய வாய்க்கால் எது என்று தெரியவில்லை. எதிர்த்தரப்புக்கும் தெரியாது என்றார். கிராம வரைபடத்தில் பெரியதும் சின்னதும் மட்டும் இருக்கின்றன. ஆச்சியிடம் கேட்டோம். திண்ணையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அது நான் வாக்கப்பட்டு வரும்போதே தூந்து கெடந்துச்சு. அந்த மூணு புளியமரம் நிக்குல்லா, அதுக்கு அடியோட போகும்."

பேரனும் நானும் போய்ப் பார்த்தோம். மூன்று மரத்தையும் ஒரே நேர்கோட்டில் பார்க்கிற மாதிரி நின்றால், வயலுக்கு நடுவே லேசாக ஒரு பள்ளம் தெரிகிறது. பெரிய வாய்க்காலுக்கும் சின்ன வாய்க்காலுக்கும் நடுவில், ஏறக்குறைய பாதியில். பேரன் அதன் மேல் நடந்துகொண்டே அடி எண்ணினார். எண்ணி முடித்துவிட்டு, "இதை எப்படிண்ணே வக்கீல்ட்ட சொல்றது?" என்றார். சர்வேயரையும் ஆச்சியையும் ஒரே நாளில் அங்கே நிறுத்த வேண்டும் என்றேன். அடுத்த வாய்தா ஆவணியில்.